உப்பு மண்ணில் ஹைட்ரஜன்: உலோகம் சொல்லாமல் முறிவது ஏன்?

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர் அகல ரயில்பாதை 2023 ஏப்ரல் 8ஆம் தேதி திறந்துவைக்கப்பட்டது. 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி தடையை மீறி உப்பு அள்ளிய அதே அகஸ்தியம்பள்ளிதான். இந்த உப்புக் காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி, உப்பளத்துப் பம்புசெட்டின் அடித்தகடு, படகின் செயின் எல்லாமே துருவோடு பிறந்தவை போலத்தான் இருக்கும். துருவில் ஒரு நேர்மை உண்டு. அது கண்ணுக்குத் தெரியும்; சுரண்டலாம், பெயின்ட் அடிக்கலாம், கடைசியில் மாற்றியும் விடலாம்.

தண்டவாளம் செய்கிறவர்கள் அஞ்சுவது கண்ணில் படாத இன்னொன்றுக்கு. இந்திய ரயில்வேயின் விதிப்படி, தண்டவாளத்துக்கான உருகிய எஃகில் ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் 1.6 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு டன் எஃகுக்கு 1.6 கிராம்! மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம் என்றால், ஏறத்தாழ 17 மீட்டர் நீளத்தில் அவ்வளவுதான் அனுமதி. கையில் எடுத்தால் எடையே தெரியாத இந்த அளவுக்கு மேல் போனால் டன்கணக்கான எஃகை ஏன் ஒதுக்க வேண்டும்?

1875இல் எழுந்த இந்தக் கேள்விக்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் நூற்றைம்பது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. ஓர் உலோகத்தின் ஆயுளைத் தீர்மானிப்பதில் எவ்வளவு ஹைட்ரஜன் உள்ளே போனது என்பதைவிட, போன ஹைட்ரஜன் எந்தக் குறையில் போய்த் தங்கியது என்பதுதான் பெரிது. தண்டவாளம், போல்ட், உரத் தொழிற்சாலைக் கலன், கல்பாக்கத்து அணு உலைக் குழாய் என்று எங்கே பார்த்தாலும் இந்தக் கணக்குதான் திரும்பத் திரும்ப வருகிறது.

உள்ளே வரும் வழிகள்

ஹைட்ரஜன் வாயு மூலக்கூறாக இருக்கும்வரை எஃகுக்குள் நுழைய முடியாது. இரண்டு அணுக்களும் பிரிந்து தனித்தனியாக வேண்டும். மிகச் சிறிய அணு அது. தனியாகிவிட்டால் இரும்பு அணுக்களின் இடுக்கில் தாராளமாக நடமாடும். அதைத் தனி அணுவாக்கும் வேலையை நாமே பல இடங்களில் செய்துகொடுக்கிறோம்.

முதல் இடம் உருக்காலை. ஈரமான பழைய இரும்பு, ஈரம் குடித்த சுண்ணாம்பு ஆகியவற்றிலிருந்து நீர் உருகிய எஃகில் சேர்ந்து பிரிகிறது. உருகிய எஃகில் ஹைட்ரஜன் எளிதாகக் கரையும். ஆறி இறுகிய எஃகில் அதற்கு இடம் மிகக் குறைவு. வெளியேற நேரமில்லாமல் மாட்டிக்கொண்டது, உள்ளே கிடக்கும் கசடுத் துகள்களின் ஓரத்தில் கூடி மெல்லிய விரிசல்களை உண்டாக்குகிறது. 1911 ஆகஸ்ட் 25 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து மான்செஸ்டர் என்ற ஊரில் தண்டவாளம் முறிந்து ரயில் கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். முறிந்த தண்டவாளத்தின் தலைக்குள், வெளியே எந்த அடையாளமும் காட்டாத குறுக்கு விரிசல்கள் இருந்தன. அவற்றுக்கு வித்திடும் நுண்விரிசல்களில் ஹைட்ரஜனுக்குப் பங்கு உண்டு என்பது பிற்பாடுதான் புரிந்தது. 1930களில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் மாக்கி என்பவர் கண்ட வழி எளிமையானது. உருட்டி எடுத்த சூட்டோடு தண்டவாளங்களை மூடிய பெட்டியில் வைத்து மெதுவாக ஆறவிட்டால் ஹைட்ரஜன் தானாக வெளியேறிவிடும். இன்று உருகிய நிலையிலேயே வெற்றிடத்தில் வைத்து அதை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது இடம் அமிலத் தொட்டி. நாகமுலாம் பூசுமுன் துருவைப் போக்க எஃகை அமிலத்தில் முக்குவார்கள். அமிலம் இரும்பைத் தின்னும்போது பிறக்கும் ஹைட்ரஜனில் ஒரு பங்கு உள்ளே போய்விடும். மூன்றாவது வெல்டிங், அதற்குத் தனியாக வருவோம்.

நான்காவது வழி வேதாரண்யத்துக்குச் சொந்தமானது. உப்பு நீரில் எஃகு துருப்பிடிப்பது பெரும்பாலும் ஆக்சிஜனால். அங்கே ஹைட்ரஜனுக்கு அதிக வேலையில்லை. ஆனால் துரு ஒரே இடத்தில் குழி பறிக்கத் தொடங்கினால் நிலைமை மாறும். குழிக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, குளோரைடு சேர்ந்து, நீர் அமிலமாகிறது. வெளியே சாதாரணக் கடல்நீர். குழியின் அடியில் ஹைட்ரஜன் அணுக்கள் பிறக்கின்றன. விரிசல் தொடங்க எது தோதான இடமோ, சரியாக அங்கேயே!

கோடியக்கரைக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையிலுள்ள சதுப்பில் காலால் சேற்றைக் கிளறினால் மேலே சாம்பல் நிறமாக இருந்த மண் கறுப்பாகப் புரளும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கடல்நீரிலுள்ள சல்பேட்டைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் விடும் ஹைட்ரஜன் சல்பைடு அது. உலோகத்துக்கு அந்த வாயு மிகவும் பொல்லாதது. எஃகின் மேற்பரப்பில் பிறந்த ஹைட்ரஜன் அணுக்கள் ஜோடி சேர்ந்து குமிழியாக வெளியே போவதை அது தடுக்கிறது. போக வழியற்ற அணுக்கள் எஃகுக்குள் திரும்புகின்றன. கஜகஸ்தானின் காஷகான் கடல் எண்ணெய் வயல் 2013 செப்டம்பரில் தொடங்கி, சில வாரங்களிலேயே நின்றுபோனதற்கு இதுவே காரணம். அங்கே சல்பைடு நிறைந்த வாயு வந்த குழாய்களில் விரிசல் விழுந்தது. குழாய்களை அடியோடு மாற்றி 2016இல்தான் மறுபடி தொடங்க முடிந்தது.

ஐந்தாவது வழிதான் வேடிக்கை. துருவிலிருந்து காக்கச் செய்யும் ஏற்பாடே ஹைட்ரஜனைக் கூட்டி வரும். மண்ணிலும் கடலிலும் கிடக்கும் குழாய்களுக்கு மெல்லிய மின்னோட்டம் கொடுத்தோ, துத்தநாகக் கட்டி கட்டியோ துருவைத் தடுப்பது வழக்கம். மின்னழுத்தம் அளவோடு இருந்தால் நல்லது. மிஞ்சினால் எஃகின் மேற்பரப்பில் நீர் பிரிந்து ஹைட்ரஜன் பிறக்கும். சாதாரண எஃகு தாங்கிக்கொள்ளும். மிகக் கடினமான எஃகு தாங்காது.

கடைசியாக, ஹைட்ரஜன் ஒரு சரக்காகவே வரும் இடங்கள் உண்டு. வேதாரண்யத்தில் உப்பளம் வைத்திருக்கும் கெம்ப்ளாஸ்ட் சன்மார் நிறுவனத்துக்கு மேட்டூரிலும் காரைக்காலிலும் காஸ்டிக் சோடா ஆலைகள் இருக்கின்றன. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் குளோரின் ஒரு பக்கம், காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜனும் மறுபக்கம். ஒரு டன் உப்பைப் பிரித்தால் ஏறத்தாழ 17 கிலோ ஹைட்ரஜன் கிடைக்கும். நம் உப்பிலிருந்தே பிறக்கும் ஹைட்ரஜனைச் சேர்த்துவைக்கவும் கொண்டுபோகவும் எஃகுதான் வேண்டும்.

அணுவை எண்ணும் கலம்

1875இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஜான்சன், அமிலத்தில் முக்கிய இரும்புக் கம்பி வளைத்தால் ஒடிவதை லண்டன் ராயல் சொசைட்டியில் எழுதினார். கூர்ந்து பார்க்கும் கண் அவருக்கு. ஒடிந்த முனையை நனைத்தால் அதிலிருந்து சிறு குமிழிகள் நுரைத்து வந்தன. கம்பியைச் சில நாள் அப்படியே போட்டுவைத்தால் பழைய வளைதன்மை பெரும்பாலும் திரும்பிவிட்டது. உள்ளே போனது நிலையாகத் தங்குவதில்லை, வெளியே வரக்கூடியது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

எவ்வளவு போகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்க நல்ல கருவி கிடைக்க இன்னும் 87 ஆண்டு ஆயிற்று. அந்தக் கருவிக்கு நம் கடலின் எதிர்க்கரையோடு தொடர்பு உண்டு. இலங்கையைச் சேர்ந்த மின்வேதியியலாளர் எம்.ஏ.வி. தேவநாதனும் ஸ்டாகூர்ஸ்கியும் 1962இல் ராயல் சொசைட்டி இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் அமைத்த கலம் இன்று உலகெங்கும் ‘தேவநாதன்–ஸ்டாகூர்ஸ்கி கலம்’ என்றே வழங்குகிறது.

அமைப்பு எளிது. இரண்டு கண்ணாடி அறைகள், நடுவே சுவர்போல ஒரு மெல்லிய உலோகத் தகடு. ஓர் அறையில் மின்சாரத்தால் ஹைட்ரஜன் அணுக்களைத் தகட்டின்மேல் பிறப்பிக்கிறார்கள். அவற்றில் சில தகட்டுக்குள் புகுந்து மறுபுறம் வருகின்றன. அங்கே வந்த ஒவ்வோர் அணுவும் உடனே தன் எலக்ட்ரானை இழக்கும்படி மின்னழுத்தம் வைத்திருக்கிறார்கள். ஆகவே அந்தப் பக்கத்து மின்னோட்டத்தைப் பார்த்தால், கடந்து வந்த அணுக்களின் எண்ணிக்கையே தெரிந்துவிடும். அவர்கள் முதலில் அளந்தது பல்லேடியம் தகட்டில். பின்னர் எஃகு ஆய்வுக்கு இதுவே அடிப்படைச் சோதனையாயிற்று. இத்தகைய அளவீடுகளுக்கு அடிப்படையான மின்வேதியியலுக்கென்றே 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்த ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் தந்து வரவழைத்தது அது. துரு ஆய்வில் தமிழ்நாட்டின் தலைவாசல் அதுதான்.

குறைகளின் கணக்கு

தேவநாதன் கலம் காட்டிய விஷயம் ஆச்சரியமானது. தூய இரும்பில் ஹைட்ரஜன் அணு அறை வெப்பத்திலேயே ஒரு நொடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர் நகரும். திடப்பொருளுக்குள் இது அசுர வேகம். ஆனால் தொழிற்சாலை எஃகில் அதே அணு நூறு, ஆயிரம் மடங்கு மெதுவாகப் போகிறது. வழியில் எங்கோ தங்கித் தங்கிப் போகிறது.

தங்குமிடங்கள்தான் குறைகள். எந்த உலோகத்திலும் அணுக்கள் பிழையில்லாமல் அடுக்கப்படுவதில்லை. சில இடங்களில் ஓர் அணுவே காணாமல் காலியாக இருக்கும். சில கோடுகளில் அடுக்கு இடறி நிற்கும். இதை டிஸ்லொகேஷன் என்பார்கள். உலோகம் வளைவதே இந்த இடறல்கள் நகர்வதால்தான். உலோகம் சிறு சிறு படிக மணிகளால் ஆனது. மணியும் மணியும் ஒட்டும் எல்லையும் ஒரு குறையே. மாங்கனீசு சல்பைடு போன்ற கசடுத் துகள்கள், கார்பைடு துகள்கள் ஆகியவற்றின் விளிம்புகள் இன்னொரு வகை. வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தால் வயல் தண்ணீர் எல்லாம் அதைத் தேடிப் போவதுபோல, ஹைட்ரஜனும் இந்த இடங்களைத் தேடிப் போகும். சராசரியாகப் பார்த்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். விரிசலின் நுனியிலோ மணி எல்லையிலோ அது பல மடங்காகக் குவிந்திருக்கும். ஒரு டன்னுக்கு 1.6 கிராம் என்ற வரம்பின் அர்த்தம் இதுதான்.

எல்லாக் குறையும் ஒரே பிடியில் பிடிப்பதில்லை. டிஸ்லொகேஷனும் மணி எல்லையும் தளர்வாகப் பிடிக்கும். இழுவிசை வந்தால் விட்டுவிடும், ஹைட்ரஜன் ஓடிப்போய் விரிசல் நுனியில் சேரும். டைட்டானியம், நயோபியம், வனேடியம் கார்பைடுகளின் நுண்துகள்கள் இறுக்கிப் பிடித்துவைக்கும். இதைத் தெரிந்துகொண்டபின், எஃகு செய்கிறவர்கள் எதிர்த்திசையிலும் யோசித்தார்கள்: நல்ல குறைகளை வேண்டுமென்றே கோடிக்கணக்கில் தூவிவைத்தால், ஹைட்ரஜன் கெட்ட குறைகளுக்குப் போகாமல் அங்கேயே அடங்கிக் கிடக்குமே! இது வெறும் யூகமாக நெடுநாள் இருந்தது. 2017இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்தும் 2020இல் சிட்னியிலிருந்தும் வந்த ஆய்வுகள், எஃகின் ஊசி முனையிலிருந்து அணுவணுவாகப் பெயர்த்தெடுத்து எண்ணும் கருவியால் இதைக் காட்டின. கருவிக்குள்ளேயே எப்போதும் கொஞ்சம் ஹைட்ரஜன் திரியும் என்பதால், அடையாளத்துக்காக அதன் இரட்டை எடை வடிவமான டியூட்டீரியத்தை எஃகில் ஏற்றி, உறைகுளிரில் வைத்துக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். கார்பைடுத் துகள்களில் அது சிக்கியிருப்பது நேரடியாகத் தெரிந்தது.

எப்படி முறிக்கிறது: தீராத வழக்கு

குறையில் போய்ச் சேர்ந்தபின் ஹைட்ரஜன் என்ன செய்கிறது என்பதில்தான் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

பழைய கருத்து அழுத்தம். அணுக்கள் உள்வெற்றிடத்தில் ஜோடி சேர்ந்து வாயுவாகி, வெளியே போக முடியாமல் பிளக்கின்றன என்று 1940களில் ஜாப்ஃபும் சிம்ஸும் சொன்னார்கள். தண்டவாள விரிசலுக்கும், சல்பைடு வாயுக் குழாய்களில் தோன்றும் கொப்புளங்களுக்கும் இது இன்றும் பொருந்தும். ஆனால் மிகக் குறைந்த அழுத்த வாயுவிலும் எஃகு முறிவதை இது விளக்காது.

இரண்டாவது கருத்து, ஹைட்ரஜன் இரும்பு அணுக்களின் பிணைப்பையே தளர்த்துகிறது என்பது. ட்ராயானோவும் பின்னர் ஓரியானியும் இதை வளர்த்தார்கள். மணி எல்லை வழியாக உலோகம் மணிமணியாகப் பிரிந்துகிடக்கும் முறிவுப் பரப்பைப் பார்த்தால் இது சரி என்று தோன்றும்.

மூன்றாவது கருத்து கேட்கும்போது முரணாகத் தெரியும். ஹைட்ரஜன் இருந்தால் டிஸ்லொகேஷன்கள் தடைபடுவதற்குப் பதில் இன்னும் எளிதாக நகர்கின்றன என்று 1972இல் பீச்செம் சொன்னார். 1980களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிர்ன்பாமும் ராபர்ட்சனும் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே மெல்லிய உலோகத்தை இழுத்தபடி ஹைட்ரஜனை விட்டுப் பார்த்தார்கள். நின்ற டிஸ்லொகேஷன்கள் நகரத் தொடங்கின. இளகினால் ஏன் முறிகிறது? இளக்கம் ஒரே சிறு இடத்தில் குவிவதால். உருமாற்றம் முழுவதும் விரிசல் நுனியில் முடிந்துவிட, சுற்றியுள்ள உலோகம் விறைப்பாகவே நிற்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது கண்ணாடிபோல் நொறுங்கியதாகத் தெரிகிறது.

நான்காவது, ஜப்பானின் நாகுமோ முன்வைத்தது. உலோகம் வளையும்போது பிறக்கும் அணு அளவுக் காலியிடங்கள் மறையாமல் ஹைட்ரஜன் தாங்கிப் பிடிக்கிறது. அவை கூடி ஓட்டையாகின்றன. அதாவது ஹைட்ரஜன் குறையைத் தேடுவதோடு நிற்காமல், குறை ஆறவிடாமலும் செய்கிறது.

இன்று பலரும் ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. எஃகின் வலிமை, மணி எல்லையின் தூய்மை, ஹைட்ரஜனின் அளவு ஆகியவற்றைப் பொறுத்து இவை சேர்ந்தே வேலை செய்கின்றன என்ற பக்கம் சாய்கிறார்கள். வழக்கு தீராவிட்டாலும் நடைமுறைக்கு வேண்டிய மூன்று முடிவுகளில் சண்டையில்லை. ஹைட்ரஜன், இழுவிசை, இடம்கொடுக்கும் உலோகம் மூன்றும் சேர்ந்தால்தான் முறிவு. எஃகு எவ்வளவு கடினமோ அவ்வளவு ஆபத்து. சேதம் உடனே தெரியாது. மணிக்கணக்கு, நாள்கணக்கு கழித்தும் வரும்.

சூட்டில் வேறு கதை

இதுவரை சொன்னது சாதாரண வெப்பநிலைக் கதை. சில நூறு டிகிரி சூட்டில் ஹைட்ரஜன் எஃகிலுள்ள கார்பனோடு வினைபுரிந்து மீத்தேன் ஆகிறது. கார்பன் போனால் எஃகு வலுவிழக்கும். பெரிய மூலக்கூறான மீத்தேன் வெளியேற முடியாமல் மணி எல்லைகளைப் பிளக்கும். ஜான்சனின் கம்பி ஆறியது, இது ஆறாது.

காவிரிப் படுகையின் நெல்லுக்குப் போடும் யூரியா, இந்தச் சிக்கலை ஒருவர் தீர்த்ததால் வந்தது. காற்றின் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அமோனியா செய்யும் ஹாபரின் முறையைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனவர் ஜெர்மனியின் கார்ல் பாஷ். அவருடைய எஃகுக் குழாய்கள் சில நாள் ஓடி வெடித்தன. கடைசியில் உள்ளே கார்பன் இல்லாத மென்மையான இரும்புக் குழாய், வெளியே வலுவான எஃகு என்று இரட்டை அடுக்கு வைத்தார். உள்குழாயைக் கடந்து வரும் ஹைட்ரஜன் வெளியேற, எஃகில் சிறு துளைகள் போட்டார். ஹைட்ரஜன் வருவதைத் தடுக்க முடியாது, எங்கும் தங்காமல் போக வழிவிடலாம் என்பதே அந்தத் துளைகளின் தத்துவம். பின்னாளில் குரோமியமும் மாலிப்டினமும் சேர்த்து, கார்பனை இறுக்கிப் பிடிக்கும் எஃகு வந்தது. மணலியும் தூத்துக்குடியும் யூரியா செய்யத் தொடங்கியபோது அந்த அறிவு கையில் இருந்தது.

எந்த எஃகை எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில் நம்பலாம் என்று 1949இல் நெல்சன் வரைந்த கோடுகள் இன்றும் சுத்திகரிப்பு ஆலைகளின் வேதம். ஆனால் வேதமும் தவறலாம். 2010 ஏப்ரல் 2 அன்று அமெரிக்காவின் அனகோர்ட்டஸ் ஆலையில் ஒரு வெப்பமாற்றி பிளந்து ஏழு பேர் இறந்தார்கள். விசாரணையில், அந்தக் கார்பன் எஃகு நெல்சன் கோட்டின்படி பாதுகாப்பான பக்கத்தில் இயங்கியபோதே அரிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று தெரிந்தது. வெல்டிங்கின் ஓரங்களே முதலில் விட்டுக்கொடுத்தன. நாகப்பட்டினம் பனங்குடியில் பழைய ஆலையின் இடத்தில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைக்கு 2021 பிப்ரவரி 17 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. இந்தக் காலத்துச் சுத்திகரிப்பில் கந்தகத்தை நீக்கச் சூடான, அழுத்தமான ஹைட்ரஜன் இல்லாமல் முடியாது. வேதாரண்யம் இருக்கும் மாவட்டத்துக்கு இந்தப் பாடம் வெளிநாட்டுச் செய்தியாக மட்டும் இருக்காது.

கல்பாக்கம் கண்ட பாடம்

தமிழ்நாட்டில் ஹைட்ரஜன் உலோகத்தின் ஆயுளைத் தின்றதற்கு முழுமையான எடுத்துக்காட்டு கல்பாக்கத்தில் இருக்கிறது. அங்கே சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983இலும் இரண்டாவது 1985இலும் இயங்கத் தொடங்கின. ஒவ்வோர் உலையிலும் 306 அழுத்தக் குழாய்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 மீட்டர் நீளம், சில மில்லிமீட்டர் கனம். யுரேனிய எரிபொருள் இதற்குள். அதைச் சுற்றி 300 டிகிரிக்குச் சற்றுக் குறைந்த சூட்டில், பெரும் அழுத்தத்தில் கனநீர் ஓடும். தொடக்கத்தில் போட்ட குழாய் ஜிர்கலாய்-2 என்ற ஜிர்கோனியக் கலவை.

கனநீர் ஜிர்கோனியத்தை மெல்ல ஆக்சைடாக்கும். அப்போது பிரியும் டியூட்டீரியத்தில் ஒரு பங்கு குழாய்ச் சுவருக்குள் போகும். எஃகில் இருப்பதுபோல் அது இங்கே கமுக்கமாக இருக்காது. சூட்டில் கரைந்திருக்கும், ஆறினால் ஹைட்ரைடு என்ற தனிப் பொருளாக, தகடு தகடாகப் படியும். ஹைட்ரைடு கண்ணாடிபோல் நொறுங்கும். தகடுகள் குழாயின் வட்டத்தோடு படுத்திருந்தால் பெரிதாகக் கெடுதி இல்லை. உள்ளிருந்து வெளியே போகும் திசையில் நின்றுவிட்டால் விரிசலுக்குப் பாதை போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

இன்னொரு குணம் இதைவிட மோசம். ஜிர்கோனியத்தில் ஹைட்ரஜன் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு நகரும். அழுத்தக் குழாயைச் சுற்றி இன்னொரு குளிர்ந்த குழாய் உண்டு. இரண்டும் தொடாமலிருக்க நடுவே வளைய ஸ்பிரிங்குகள். தளர்வாக மாட்டிய ஸ்பிரிங் இடம் மாறினால், சூட்டில் தொய்ந்த உள்குழாய் வெளிக்குழாயைத் தொடும். தொட்ட இடம் குளிரும். குழாயிலுள்ள ஹைட்ரஜன் அங்கே வந்து குவிந்து கொப்புளமாகும். இன்று ஏராளமான தமிழர்கள் வாழும் டொராண்டோவை ஒட்டிய பிக்கரிங் அணுமின் நிலையத்தில் 1983 ஆகஸ்ட் 1 அன்று ஒரு குழாய் இப்படித்தான் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பிளந்தது. குழாய் முழுவதும் இருந்த ஹைட்ரஜனின் சராசரியைப் பார்த்திருந்தால் ஆபத்து தெரிந்திருக்காது. தொட்ட இடத்தில்தான் எல்லாம் இருந்தது.

அதே வகைக் குழாய்கள் கொண்ட இந்திய உலைகளுக்கு அது எச்சரிக்கை மணி. இங்கே குழாய்களின் வயதை ஊகிக்காமல் அளக்கத் தொடங்கினார்கள். உலையை நிறுத்தி, குழாய்க்குள் கருவியைச் செலுத்தி, ஒலியலையால் விரிசல் தேடி, ஸ்பிரிங் எங்கே நிற்கிறது என்று பார்த்து, இடம் மாறியதைத் தள்ளி வைத்தார்கள். குழாயின் உள்சுவரிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றைச் சுரண்டியெடுத்து ஆய்வகத்தில் ஹைட்ரஜன் அளவு பார்த்தார்கள். குழாயைத் துளைக்காமல், கழற்றாமல் அதன் ஆயுளைத் தெரிந்துகொள்ள அந்தச் சீவல் போதும். முடிவில் ராஜஸ்தானின் இரண்டாம் உலையில் 1990களிலும், கல்பாக்கத்தின் இரு உலைகளிலும் 2000களின் முதற்பாதியிலும் குழாய்களை மொத்தமாக மாற்றினார்கள். புதியவை இரண்டரை சதவீதம் நயோபியம் சேர்த்த ஜிர்கோனியம்; ஹைட்ரஜனை மிகக் குறைவாகவே குடிக்கும். ஸ்பிரிங்குகளும் இறுக்கமாகப் பொருந்துபவை. உலோகம், ஸ்பிரிங், சோதனை மூன்றும் ஒன்றாகச் சீரானதால் அந்த உலைகளுக்கு மறுவாழ்வு கிடைத்தது.

போல்ட்டும் வெல்டிங்கும்

அணு உலையைக் கண்காணிக்க ஆள் இருக்கிறது. போல்ட்டையும் வெல்டிங்கையும் யார் கவனிப்பது? 2013 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ–ஓக்லாண்ட் புதிய பாலத்தில், ஒரே தொகுதியிலிருந்த 96 நங்கூரக் கம்பிகளில் 32 கம்பிகள் முறுக்கி இறுக்கிய சில நாட்களில் முறிந்தன. மூன்று அங்குல விட்டம், மிகக் கடினமான எஃகு, நாகமுலாம், நிறுவியபின் பல ஆண்டு மழைநீர் தேங்கிய குழி. மூன்று நிபந்தனைகளும் கூடிவந்தன. வலுவான போல்ட் வேண்டுமென்று கேட்டு வாங்கியதே வினையாயிற்று.

மின்முலாம் பூசிய கடின போல்ட்டை நான்கு மணி நேரத்துக்குள் 200 டிகிரி அளவில் அடுப்பில் வைத்துப் பல மணி நேரம் வாட்டினால் ஹைட்ரஜன் பெரும்பாலும் வெளியேறிவிடும். 12.9 என்று தலையில் பொறித்த போல்ட்டுக்கு இது கட்டாயம், 8.8க்குத் தேவையில்லை. கடலோரத்தில் கடைக்காரர் 12.9ஐ ‘ஸ்ட்ராங்’ என்று எடுத்துக் கொடுத்தால், வேண்டாம், 8.8ஐ ஒரு சுற்று பெரிதாகக் கொடுங்கள் என்று சொல்வதே புத்திசாலித்தனம்.

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவின் எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒரு காட்சி காணலாம். பாக்கெட் பிரித்த ராடுகள் மேசைமேல் கிடக்கும். அவற்றின் மேல்பூச்சு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆர்க் சூட்டில் அந்த ஈரம் பிரிந்து ஹைட்ரஜன் உருகிய உலோகத்தில் சேரும். கேட்டும் கிராதியும் செய்தால் பரவாயில்லை. மென்மையான எஃகு தாங்கும். டிராக்டர் உதிரிப் பாகம், கனத்த தகடு, கார்பன் மிகுந்த பழைய ஷாஃப்ட் என்றால் கதை வேறு. பற்றவைத்த தையல் நன்றாகவே இருக்கும். அதை ஒட்டி, சூட்டில் கடினமாகிப்போன ஓரப்பட்டையில், ஆறியபின் இரவோடு இரவாக முடிபோல ஒரு கிராக் ஓடியிருக்கும். தையலைத் தட்டிப் பார்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்தவருக்கு அது தெரியாது.

7018 போன்ற ‘லோ ஹைட்ரஜன்’ ராடுகளை 300 டிகிரிக்கு மேல் வாட்டி, சூடான டப்பாவில் வைத்து எடுத்தெடுத்துப் பற்றவைக்க வேண்டும் என்பது இதனால்தான். கனத்த தகட்டை முன்கூட்டிச் சூடேற்ற வேண்டும். முடிந்தபின் மெதுவாக ஆறவிட வேண்டும். முக்கியமான வேலையில் 48 மணி நேரம் கழித்தே சோதிக்க வேண்டும். காவிரிக்கரையில் திருச்சி பெல் நிறுவனத்தின் கொதிகலன்களும், 1975 முதல் அங்கே இயங்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் இந்த ஒழுங்கை நாட்டுக்கே கற்றுக்கொடுத்தன. அங்கிருந்து கீழ்த்தஞ்சைப் பட்டறைகளுக்கு அது முழுதாக இறங்கி வரவில்லை.

வரப்போகும் ஹைட்ரஜன்

2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் இலக்கு. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் மாதிரி ஆலை தொடங்கிவிட்டது. காற்றும் வெயிலும் துறைமுகமும் உள்ள நம் கடற்கரைதான் இதற்குத் தோதான இடம். ஆகவே உப்புக்காற்றும் ஹைட்ரஜனும் ஒரே எஃகில் சந்திக்கும் இடமும் நம் கடற்கரைதான்.

பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் ரூர் பகுதியில் 1938 முதல் ஹைட்ரஜன் குழாயில் ஓடுகிறது. இங்கிலாந்தின் பழைய நகர எரிவாயுவில் பாதியளவு ஹைட்ரஜன்தான். நூறாண்டுக்கு மேல் வீடுகளுக்குப் போயிற்று. அழுத்தம் குறைவு, எஃகு மென்மை, ஏற்ற இறக்கமில்லாத ஓட்டம், அதனால் சிக்கலில்லை. மகேந்திரகிரியில் சோதிக்கும் ராக்கெட் எஞ்சின்களின் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி. அந்தக் குளிரில் அணுக்கள் எஃகுக்குள் நகர்வதே இல்லை எனலாம். சிக்கல் அறை வெப்பநிலையை ஒட்டித்தான் உச்சம்.

இயற்கை எரிவாயுவுக்காகப் போட்ட வலிமை மிக்க குழாய்களில் ஹைட்ரஜனைக் கலந்து, பகலில் அழுத்தம் ஏற்றி இரவில் இறக்கினால் என்ன ஆகும் என்பதே இப்போது பெரிய கேள்வி. அழுத்தம் ஏறி இறங்கும்போது, முன்பே இருக்கும் விரிசல் காற்றில் வளர்வதைவிட ஹைட்ரஜனில் பத்து மடங்கும் அதற்கு மேலும் வேகமாக வளரும் என்று சோதனைகள் காட்டுகின்றன. ஐம்பதாண்டு தாங்கும் என்று போட்ட கணக்கு அங்கே நிற்காது. பழைய வெல்டிங் தையல்களின் ஓரங்கள், குழி விழுந்த துரு, நிலத்தடியில் கறுப்புச் சேறு ஆகியவற்றின் கூட்டு விளைவை ஆய்வகத்தில் தனித்தனியே அளந்து கூட்டினால் போதாது. அந்த மண்ணிலேயே பல ஆண்டு போட்டுப் பார்க்க வேண்டும். கடலோரத் துருவை அப்படி அளக்கும் அனுபவம் காரைக்குடி ஆய்வகத்துக்கு மண்டபத்தில் உண்டு. ஹைட்ரஜனையும் சேர்த்து அளக்கும் நிலையம் ஒன்று வேதாரண்யம் சதுப்போரத்தில் அமைவதற்கு அறிவியல் காரணம் நிறையவே இருக்கிறது.

அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடியவையும் உண்டு. அரசு டெண்டர்களில் எஃகுக்கும் போல்ட்டுக்கும் குறைந்தபட்ச வலிமையை மட்டும் எழுதினால் போதாது. கடலோர வேலைகளில் கடினத்துக்கு உச்சவரம்பும் எழுத வேண்டும். நாகமுலாம் பூசுமுன் அமிலத்தில் எவ்வளவு நேரம் கிடந்தது, முலாமுக்குப் பின் வாட்டினார்களா என்ற பதிவு சரக்கோடு வர வேண்டும். ஐ.டி.ஐ. வெல்டிங் பாடத்தில் ராடு உலர்த்துவது ஒரு வரியாக இல்லாமல், கையால் செய்து காட்டும் பயிற்சியாக இருக்க வேண்டும். ராடு உலர்த்தும் மின் அடுப்பு ஊருக்கு ஒன்று பொதுவில் இருந்தாலே பட்டறைகளின் பாதிப் பிரச்சினை தீரும். இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு, முறிந்த ஒரு நங்கூரக் கம்பியைக் கான்கிரீட்டிலிருந்து தோண்டி மாற்றும் செலவுக்கு ஈடாகாது.